ஏழு வாக்குச்சாவடிகளும் எக்ஸிட் போல் சட்டமும்

2019 மே 19, ஞாயிற்றுக்கிழமை. ஆந்திரப் பிரதேசத்தில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஏப்ரல் 11 அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு முடிந்து ஐந்து வாரங்களுக்கு மேலாகியிருந்தது. ஆயினும் திருப்பதியை அடுத்துள்ள சந்திரகிரி சட்டமன்றத் தொகுதியின் ஏழு வாக்குச்சாவடிகளில் அன்று காலை மக்கள் மீண்டும் வரிசையில் நின்றனர். சித்தூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய இந்தச் சாவடிகளில் முதலில் ஐந்திலும், பின்னர் மேலும் இரண்டிலும் மறுவாக்குப்பதிவு நடத்தத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டிருந்தது. சில கிராமங்களில் தலித் வாக்காளர்கள் சுதந்திரமாக வாக்களிக்க விடப்படவில்லை என்பதே புகாரின் சாரம். இவ்வளவு தாமதமாக முடிவெடுத்தது ஏன் என்று அன்றைய ஆளுங்கட்சியான தெலுங்கு தேசம் கேட்டது. தாமதமானாலும் நியாயம் கிடைத்தது என்றது அன்றைய எதிர்க்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். இரு பெரும் கட்சிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டிருக்க, ஆதிக்கச் சாதியினரின் கண்பார்வையிலேயே ஒவ்வொரு தேர்தலையும் கடந்து வந்த உழைப்பாளி மக்கள் போலீஸ் பாதுகாப்புடன் சாவடிக்குள் நுழைந்தனர்.

அதற்கு முந்தைய நாள், மே 18 அன்று, தலைநகர் அமராவதியில் ஒரு செய்தியாளர் சந்திப்பு நடந்தது. விஜயவாடாவின் முன்னாள் காங்கிரஸ் எம்.பி.யும், தேர்தல் கணிப்புகளால் பெயர் பெற்றவருமான லகடபாடி ராஜகோபால் அதில் பேசினார். ஆய்வின் எண்களை மறுநாள் மாலை திருப்பதியில் வெளியிடுவதாக அவர் அறிவித்தார். ஆனால், தெலங்கானா மக்கள் காரையும் ஆந்திர மக்கள் சைக்கிளையும் தேர்ந்தெடுத்துள்ளனர் என்று அன்றே குறிப்புக் காட்டிவிட்டார். கார் தெலங்கானா ராஷ்டிர சமிதியின் சின்னம். சைக்கிள் தெலுங்கு தேசத்தின் சின்னம். எண் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் யார் ஆட்சிக்கு வருவார் என்ற செய்தி, மறுநாள் காலை சந்திரகிரியில் வாக்களிக்கப் போகிறவர் வரை அன்றிரவே தொலைக்காட்சிகள் வழியாகச் சென்றடையும் நிலை உருவானது.

மறுநாள் மாலை, மறுவாக்குப்பதிவு முடிந்த பின், அதே திருப்பதி நகரில் முழுக் கணிப்பும் வெளியானது. தெலுங்கு தேசம் சுமார் நூறு இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைக்கும் என்றது அது. மே 23 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது மொத்தமுள்ள 175 இடங்களில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 151 இடங்களையும், தெலுங்கு தேசம் 23 இடங்களையும் பெற்றன. இனிக் கருத்துக்கணிப்புகளிலிருந்து விலகியிருப்பதாக லகடபாடி அறிவித்தார். கணிப்பு பொய்த்தது அவருக்கு ஒரு சங்கடம், அவ்வளவே. ஆனால் அது வாக்குப்பதிவுக்கு முன்பே பரவியிருந்தால் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் அந்த ஏழு சாவடிகளின் வாக்காளர்கள்.

‘எக்ஸிட் போல்’ எனப்படும், வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பை எப்போது வெளியிடலாம் என்ற சட்டப் பிரச்சனையை இந்த ஏழு சாவடிகளிலிருந்துதான் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி அரங்கில் அமர்ந்து பார்த்தால் இது பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய விவாதமாக மட்டுமே தெரியும். சந்திரகிரி சாவடியில் நின்று பார்த்தால், கடைசி வாக்காளரின் வாக்கும் முதல் வாக்காளரின் வாக்கும் சம மதிப்புடையவையா என்ற கேள்வி தெரியும்.

சட்டம் பிறந்த கதை

இந்தத் தடை எளிதில் வந்ததன்று. 1998 நாடாளுமன்றத் தேர்தலின்போது, அரசியல் சாசனத்தின் 324ஆவது பிரிவு தனக்கு அளித்துள்ள அதிகாரத்தைக் கொண்டு, கருத்துக்கணிப்புகளையும் எக்ஸிட் போல்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு வெளியிடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் நெறிமுறைகளை வகுத்தது. பத்திரிகைகள் எதிர்த்தன, வழக்குகள் தொடரப்பட்டன. 1999 தேர்தலுக்கு ஆணையம் மீண்டும் அதே நெறிமுறைகளை அறிவித்தபோது சில ஊடகங்கள் அவற்றை ஏற்க மறுத்துக் கணிப்புகளை வெளியிட்டன. பிரச்சனை உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றது. சட்டத்தின் துணை இல்லாத நெறிமுறையை ஆணையம் எவ்வாறு நடைமுறைப்படுத்த இயலும் என்று 1999 செப்டம்பர் 14 அன்று நீதிமன்றம் கேட்டது. ஆணையம் நெறிமுறைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தக் கேள்வி சரியானதே. மக்களின் கருத்துரிமையைக் கட்டுப்படுத்துவதாயின், அதை ஓர் அதிகார அமைப்பின் சுற்றறிக்கையால் செய்யக் கூடாது. மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து இயற்றும் சட்டத்தால் மட்டுமே செய்ய வேண்டும். இந்த ஜனநாயகக் கோட்பாட்டை இடதுசாரிகள் மற்ற எவரையும் விட உறுதியாகப் பற்றி நிற்க வேண்டும். சுற்றறிக்கை வழியாகப் பேச்சைத் தடுக்கும் அதிகாரம் ஒரு முறை ஒப்புக்கொள்ளப்பட்டால், அடுத்த சுற்றறிக்கை தொழிற்சங்கத்தின் துண்டறிக்கை மீது பாயும்.

பத்தாண்டுகள் கழித்தே நாடாளுமன்றம் வழி கண்டது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 2010 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆணையம் அறிவிக்கும் காலத்தில் எவரும் எக்ஸிட் போல் நடத்தக் கூடாது; அதன் முடிவை அச்சு ஊடகத்திலோ மின்னணு ஊடகத்திலோ வேறு எந்த வகையிலோ பரப்பக் கூடாது. பொதுத்தேர்தலில் இக்காலம் முதல் நாள் வாக்குப்பதிவு தொடங்கும் நேரத்தில் தொடங்கி, எல்லா மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் வரை நீடிக்கலாம். மீறினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்தது நிறுவனமானால் அதன் பொறுப்பாளர்களும் குற்றவாளிகள் ஆவர் என்கிறது 126பி பிரிவு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் எக்ஸிட் போலை ஒழிக்கவில்லை, ஒத்திவைக்கிறது. கடைசி வாக்காளர் வாக்களித்து முடிக்கும் வரை காத்திருங்கள், பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். பேசும் உரிமை அப்படியே இருக்கிறது. பேசும் நேரம் மட்டும் தள்ளிப்போகிறது. பேச்சுரிமைக்கும் நேர்மையான தேர்தலுக்கும் இடையே இதைவிடக் குறைந்த சேதத்துடன் சமன் காண்பது கடினம்.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 1980 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, கிழக்குக் கரை நேரப்படி இரவு எட்டேகால் மணிக்கே ரீகன் வென்றுவிட்டதாக என்.பி.சி. தொலைக்காட்சி அறிவித்தது. மேற்குக் கரை மாநிலங்களில் அப்போது வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. அங்கே சாவடிகள் மூடப்படும் முன்பே கார்ட்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியும் முடித்தார். அமெரிக்காவில் அது நெடிய விவாதத்தைக் கிளப்பியது. பிரிட்டனில் வாக்குப்பதிவு முடியும் முன் எக்ஸிட் போல் வெளியிடுவது குற்றம். பிரான்ஸ் வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் கருத்துக்கணிப்பு வெளியிடுவதைத் தடுக்கிறது. பேச்சுரிமையில் பழுத்த மரபுடைய நாடுகளே இவ்வளவு எல்லை வகுத்துள்ளன.

பன்னிரண்டு நாள், பத்தொன்பது நாள், முப்பத்தெட்டு நாள்

இத்தடை சித்தூர், திருப்பதி மக்களுக்கு எவ்வாறு பொருந்தியது என்பதை மூன்று தேர்தல்கள் காட்டுகின்றன.

2019இல் அவர்கள் வாக்களித்தது ஏப்ரல் 11. தடை நீங்கியது மே 19 மாலை. இடைவெளி முப்பத்தெட்டு நாள். 2021இல் திருப்பதி மக்களவைத் தொகுதிக்கு ஏப்ரல் 17 அன்று இடைத்தேர்தல் நடந்தது. ஒரே தொகுதி, ஒரே நாள். ஆயினும் மேற்கு வங்கத்தின் எட்டுக் கட்டத் தேர்தல் முடிந்த ஏப்ரல் 29 மாலை வரை, பன்னிரண்டு நாள், தடை நீடித்தது. 2024இல் வாக்களித்தது மே 13; தடை நீங்கியது ஏழாம் கட்டம் முடிந்த ஜூன் 1 மாலை ஆறரை மணி. இடைவெளி பத்தொன்பது நாள்.

‘திருப்பதியில் எல்லோரும் வாக்களித்து முடித்த பின், வங்கத்துக்காக ஏன் வாயைக் கட்ட வேண்டும்?’ என்ற கேள்வி நியாயம் போலத் தோன்றும். ஆனால் இந்தியாவில் ஒரு தொகுதியின் கணிப்பு அந்தத் தொகுதிக்குள் நிற்பதில்லை. ‘தெற்கில் அலை’, ‘கிழக்கில் சரிவு’ என்ற தலைப்புகளாக அது அடுத்த கட்ட வாக்காளரிடம் போய்ச் சேரும். அதைவிட முக்கியமாக, ‘எல்லோரும் வாக்களித்து முடித்தனர்’ என்பதே பல நேரங்களில் உண்மையன்று. சந்திரகிரியின் ஏழு சாவடிகள் அதற்குச் சான்று. ஏப்ரல் 11 அன்று இரவே ஆந்திரத்தின் எக்ஸிட் போல் வெளிவர அனுமதி இருந்திருந்தால், அந்த வாக்காளர்கள் ‘வென்றவர் யார்’ என்ற ஐந்து வாரப் பிரச்சாரத்தைத் தலையில் சுமந்துகொண்டு சாவடிக்கு வந்திருப்பர்.

தமிழ்நாட்டுக்கும் இது அயலூர்க் கதையன்று. அதே 2019 மே 19 அன்று தமிழ்நாட்டில் பதின்மூன்று சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. அவற்றில் எட்டு, தருமபுரி மக்களவைத் தொகுதியின் பாப்பிரெட்டிப்பட்டி பகுதியைச் சேர்ந்தவை. சூலூர், அரவக்குறிச்சி, ஒட்டப்பிடாரம், திருப்பரங்குன்றம் ஆகிய நான்கு சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தலும் அன்றுதான். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளில் அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. அங்கு மறுவாக்குப்பதிவு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவே இல்லை. மறுவாக்குப்பதிவு தேவைப்படும் இடங்கள் பெரும்பாலும் எவை? சாதி ஆதிக்கமும் பணபலமும் அடியாள் பலமும் சாவடியை ஆட்டிப்படைக்கும் இடங்கள். ஆகவே தடைக்காலத்தின் கடைசி நாட்கள் யாரைப் பாதுகாக்கின்றன என்ற கேள்விக்கு வர்க்கப் பதிலும் உண்டு, சாதிப் பதிலும் உண்டு.

யாரிடம் கேட்கிறார்கள்?

எக்ஸிட் போல் என்பது அடிப்படையில் ஓர் அந்நியர் வாக்காளரிடம் கேட்கும் கேள்வி: ‘யாருக்குப் போட்டீர்கள்?’ நகரத்து நடுத்தர வர்க்கத்தினர் இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். கூலி வேலைக்கு நாளை அதே நிலவுடைமையாளரின் வாசலில் நிற்க வேண்டியவர் என்ன சொல்வார்? ரேஷன் கார்டும் வீட்டுமனைப் பட்டாவும் ஆளுங்கட்சிக்காரரின் கையில் இருப்பதாக அஞ்சும் விதவைத் தாய் என்ன சொல்வார்? கேட்பவர் யாருடைய ஆள் என்று தெரியாத நிலையில், வெல்லும் கட்சியின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்வதே பாதுகாப்பு. ரகசிய வாக்கெடுப்பு என்பது ஏழைக்கு அரசியல் சாசனம் கொடுத்த கேடயம். சாவடிக்கு வெளியே ஒருவர் குறிப்பேட்டுடன் நிற்கும்போது அந்தக் கேடயத்தை இறக்கி வைக்கச் சொல்கிறோம். கணிப்புகள் அடிக்கடி தவறுவதற்குக் கணிதக் காரணங்கள் பல உண்டு; இந்தச் சமூகக் காரணத்தைத் தொலைக்காட்சி விவாதங்கள் பேசுவதேயில்லை.

இன்னொன்றும் உண்டு. சாவடியிலிருந்து வெளியே வருபவர் உண்மையான வாக்காளர்தானா என்பதைக் கணிப்பாளரால் அறிய முடியாது. 2021 திருப்பதி இடைத்தேர்தலில் வெளியூர் ஆட்கள் பேருந்துகளில் அழைத்து வரப்பட்டு, பிறர் பெயரில் வாக்களித்தனர் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஆளுங்கட்சி மறுத்தது. வாக்கு எண்ணிக்கையில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 2,71,000க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், அந்த இடைத்தேர்தலின்போது ஆயிரக்கணக்கான வாக்காளர் அடையாள அட்டைகள் முறைகேடாகப் பதிவிறக்கம் செய்யப்பட்ட விவகாரத்தில், அப்போது திருப்பதியில் தேர்தல் பொறுப்பில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி தேர்தல் ஆணைய உத்தரவின் பேரில் இடைநீக்கம் செய்யப்பட்டார். கள்ள வாக்கையும் நல்ல வாக்கையும் ஒன்றாகவே எண்ணும் கணிப்பு, முறைகேட்டுக்கு ‘மக்கள் தீர்ப்பு’ என்ற பூச்சைப் பூசிவிடும். எக்ஸிட் போல் அப்படிச் சொன்னது, முடிவும் அப்படியே வந்தது, இனி என்ன கேள்வி என்பார்கள்.

சட்டத்தின் ஓட்டைகள்

தடை தேவை என்பதால் இன்றுள்ள சட்டம் போதும் என்று ஆகிவிடாது.

முதலாவது ஓட்டை, குறிப்பு மொழி. 126ஏ ‘வேறு எந்த வகையிலும்’ பரப்பக் கூடாது என்று அகலமாகவே பேசுகிறது. தடைக்காலத்தில் சோதிடர்கள், அட்டை பார்த்துக் குறி சொல்வோர், அரசியல் ஆய்வாளர்கள் முடிவுகளைக் கணித்துச் சொல்வதும் இப்பிரிவின் நோக்கத்துக்கு எதிரானது என்று 2017இல் ஆணையம் விளக்கியது. ஆனால் காரும் சைக்கிளும் குறிப்புகளாகப் பேசப்படும்போது, எண் சொல்லவில்லை என்ற காரணமே புகலிடமாகிறது. சைக்கிள் என்பது ஒரு கட்சியின் சின்னம் என்பது ஆந்திரத்தில் பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். சமூக ஊடகங்களில் இன்று ‘உள்ளூர்த் தகவல்’, ‘உளவுத்துறை அறிக்கை’, ‘சூதாட்டச் சந்தையின் நிலவரம்’ என்ற முகமூடிகளில் எக்ஸிட் போல்கள் தடைக்காலம் முழுவதும் உலாவுகின்றன. தேர்தல் முடிவு மீது பந்தயம் கட்டும் சட்டவிரோதச் சூதாட்டத்துக்கு இவையே தீனி.

இரண்டாவது ஓட்டை, வாக்குப்பதிவுக்கு முந்தைய கருத்துக்கணிப்பு. 2018 நவம்பர் 30 அன்று, தெலங்கானா வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கையில், திருமலையில் வழிபட்டுத் திரும்பிய லகடபாடி, அங்கே எட்டு முதல் பத்து சுயேச்சைகள் வெல்வர் என்றார். பெயர்களையும் நாளுக்கு இரண்டாக வெளியிடத் தொடங்கினார். வாக்குப்பதிவு முடிந்த டிசம்பர் 7 மாலை காங்கிரஸ் கூட்டணி முந்துகிறது என்றார். 119 இடங்களில் 88 இடங்களைத் தெலங்கானா ராஷ்டிர சமிதி வென்றது. முந்தைய கணிப்பைத் தடுக்கும் 126ஆம் பிரிவு வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்துக்கே பொருந்தும். அதுவும் தொலைக்காட்சி, திரைப்படம் போன்ற சாதனங்களைத்தான் குறிக்கிறது. நாளிதழ்களை அது தொடவில்லை. பல கட்டத் தேர்தலில் ஒரு கட்டத்தின் 48 மணி நேர அமைதி, வேறொரு மாநிலத்திலிருந்து ஒளிபரப்பாகும் அலைவரிசையால் நொடியில் கலைகிறது.

மூன்றாவதும் மிக முக்கியமானதுமான ஓட்டை, பணம். கணிப்பை நடத்தப் பணம் கொடுத்தவர் யார், எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது, என்ன கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொல்ல மறுத்தோர் எத்தனை பேர், வாக்கு விழுக்காட்டிலிருந்து இடங்களுக்கு எந்தச் சூத்திரத்தில் தாவினார்கள்? இவற்றைச் சொல்லும் சட்டக் கடமை எவருக்கும் இல்லை. பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகள் உண்டு, பற்கள் இல்லை. கணிப்பு நிறுவனங்கள் இத்தகவல்களை வெளியிடுவதைச் சட்டபூர்வக் கடமையாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் அளித்த 255ஆவது அறிக்கையிலேயே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை.

2017 உத்தரப் பிரதேசத் தேர்தலின் முதற்கட்டம் முடிந்த உடனே, இன்னும் ஆறு கட்டங்கள் இருக்கையில், தைனிக் ஜாக்ரன் நாளிதழின் இணையதளத்தில் எக்ஸிட் போல் வெளியானது. பதினைந்து மாவட்டங்களில் வழக்குப் பதிய ஆணையம் உத்தரவிட்டது. இணையப் பதிப்பின் ஆசிரியர் கைதானார். விளம்பரப் பிரிவு வழியாக அது தளத்தில் ஏறியது என்பது நிறுவனத்தின் விளக்கம். ஒரு தேர்தல் கணிப்பு விளம்பரப் பிரிவுக்குள் ஏன் நுழைந்தது? அந்தக் கேள்விதான் கைதைவிடப் பெரியது. சம்பளத்துக்கு வேலை செய்யும் பத்திரிகையாளர் சிறைக்குச் செல்வதும், கணிப்பை வாங்கியவரும் விற்றவரும் திரைக்குப் பின்னால் நிற்பதும் சட்டத்தின் வெற்றியன்று.

ஜூன் 1 முதல் ஜூன் 4 வரை

தடை நீங்கிய பின் என்ன நடக்கிறது என்பதை 2024 காட்டியது. ஜூன் 1 மாலை தொலைக்காட்சிகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 முதல் 400 இடங்கள் வரை வாரி வழங்கின. ஆந்திரத்தில் ஒரு நிறுவனம் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 94 முதல் 104 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைக்கும் என்றது. மற்றொன்று தெலுங்கு தேசக் கூட்டணிக்கு 98 முதல் 120 என்றது. ஜூன் 4 அன்று வந்த எண்கள் வேறு. அகில இந்திய அளவில் தேசிய ஜனநாயகக் கூட்டணி 293, பாஜக 240. ஆந்திரத்தில் தெலுங்கு தேசக் கூட்டணி 164, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 11. எண்ணிக்கைக்கு நெருங்கி வந்த கணிப்பும் ஆந்திரத்தில் இருந்தது. ஆனால் எது ஆய்வு, எது ஆரூடம் என்று பிரித்தறிய மக்களிடம் எந்தத் தகவலும் இல்லை.

இடைப்பட்ட நாட்களில் பங்குச்சந்தையில் நடந்தது நினைவில் நிற்கட்டும். ஜூன் 3 திங்களன்று சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளிகள் ஏறியது. ஜூன் 4 அன்று ஏறத்தாழ 4,390 புள்ளிகள் விழுந்தது. முதலீட்டாளர்களின் சொத்து மதிப்பில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் ஒரே நாளில் கரைந்தது. ஜூன் 4க்கு முன் பங்கு வாங்கும்படி மே மாதத்தில் ஒன்றிய உள்துறை அமைச்சரே பேட்டியில் யோசனை சொல்லியிருந்தார். நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கோரின, ஆளுங்கட்சி மறுத்தது. கணிப்பு வெளியிட்ட ஊடகங்கள் மீது விசாரணை கோரிய பொதுநல மனுவை 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஏறும்போது விற்றவர் யார், இறங்கும்போது இழந்தவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சேமிப்பைப் பரஸ்பர நிதியில் போட்ட சிறு ஊழியர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதை ஊகிக்கக் கணிப்பு நிறுவனம் தேவையில்லை.

அரசியல் விளைவும் உண்டு. வாக்கு எண்ணும் மேசையில் பதினெட்டாவது சுற்று வரை உட்கார்ந்திருக்க வேண்டிய முகவர், மூன்று நாளாகத் தொலைக்காட்சி சொன்ன தோல்வியை நம்பி எட்டாவது சுற்றிலேயே எழுந்துவிட்டால் முறைகேட்டுக்குக் கதவு திறக்கிறது. கணிப்பின் இரண்டாவது இலக்கு வாக்காளர் அல்லர், எண்ணிக்கை முகவர்.

கோர வேண்டியவை, செய்ய வேண்டியவை

ஆகவே, எக்ஸிட் போலை அடியோடு தடை செய்க என்பது சரியான முழக்கமன்று. மக்கள் மனத்தை அறியும் அறிவியல் முயற்சியை ஜனநாயக இயக்கம் எதிர்க்க வேண்டியதில்லை. ஒட்டுமொத்தத் தடை, கணிப்பை ஆட்சியாளரின் உளவுத்துறைக்கும் பெருமுதலாளிகளின் தனி அறைகளுக்கும் மட்டும் சொந்தமாக்கும். மக்கள் மட்டுமே இருளில் இருப்பர். கோர வேண்டியவை வேறு.

கடைசிச் சாவடியின் கடைசி வாக்கு வரை என்ற 126ஏ பிரிவின் எல்லை ஒரு மணி நேரமும் தளர்த்தப்படக் கூடாது. மறுவாக்குப்பதிவுக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்பதைச் சட்டமே ஐயமின்றிச் சொல்ல வேண்டும். சின்னங்களால் குறிப்புக் காட்டுவதும் பரப்புதலே என்று வரையறுக்க வேண்டும். கணிப்புக்குப் பணம் தந்தவர், மாதிரியின் அளவு, கேள்வித்தாள், கணக்கீட்டு முறை ஆகியவற்றை வெளியிடாத எந்தக் கணிப்பும் ஒளிபரப்பாகக் கூடாது. கணிப்பு நிறுவனமும் அதன் உரிமையாளர்களும் அந்த நாட்களில் பங்குச்சந்தையில் செய்த வணிகத்தைச் செபி ஆராய வேண்டும். வழக்குத் தொடரும்போது கடைநிலைப் பத்திரிகையாளரை அல்ல, 126பி சுட்டும் நிறுவனப் பொறுப்பாளர்களை முதலில் நிறுத்த வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக, நோயின் வேரைத் தொட வேண்டும். 2024இல் தேர்தல் 44 நாட்கள் நீண்டது. தேர்தல் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு பணமும் வதந்தியும் சூதாட்டமும் பெருகுகின்றன. அவ்வளவு காலம் பேச்சுக்கும் பூட்டுப் போட வேண்டியிருக்கிறது. கட்டங்களைக் குறைத்தால் தடைக்காலம் தானே சுருங்கும். தலித் மக்கள் வாக்களிக்கத் தடுக்கப்பட்டனர் என்ற புகாருக்கு ஐந்து வாரம் கழித்துத் தீர்வு காண்பதும் கூடாது. வாரத்துக்குள் முடிவெடுக்க ஆணையத்துக்குக் கால வரம்பு வேண்டும்.

கோரிக்கைகள் ஒருபுறம் இருக்க, கட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பெரும்பாலான கணிப்புகளில் இடதுசாரிகள் ‘இதரர்’ என்ற கட்டத்துக்குள் அடைக்கப்படுகின்றனர். அந்தக் கட்டத்தைப் பார்த்துத் தோழர்கள் சோர்வதும், சாதகமான எண் வந்தால் துள்ளுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். வாக்குச்சாவடி முகவர் 17சி படிவத்தைக் கையெழுத்துடன் பெறாமல் சாவடியை விட்டு நகரக் கூடாது. எண்ணிக்கை முகவர் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிச் சுற்று வரை மேசையில் இருக்க வேண்டும். தடைக்காலத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் ‘ரகசிய சர்வே’யை ஒருவரும் முன்னனுப்பக் கூடாது; அது சட்டப்படியும் குற்றம், அரசியல்படியும் எதிரிக்குச் செய்யும் உதவி. ஒரு சேரியில் மக்கள் வாக்களிக்க விடப்படவில்லை என்றால் அன்றைக்கே, சாட்சியுடன், எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும்.

2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சந்திரகிரி திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. மக்களவைக்கு அது இன்றும் சித்தூர்த் தொகுதியில்தான் இருக்கிறது. கோடுகள் மாறும், ஊரின் நடுவே ஓடும் சாதிக் கோடு தானாக மாறாது. 2019 மே 19 அன்று அந்த ஏழு சாவடிகளில் நின்றவர்களின் விரலில் வைக்கப்பட்ட மை, நாட்டின் எந்தத் தொழிலதிபரின் விரலில் வைக்கப்பட்ட மைக்கும் குறைந்ததன்று. அவர்கள் வாக்களித்து முடிக்கும் வரை முடிவைச் சொல்லும் உரிமை எந்தத் தொலைக்காட்சிக்கும் இல்லை. அவர்கள் வாக்களித்த பின்னும், எண்ணி முடிக்கும் வரை, அந்த முடிவு அவர்களுக்கே சொந்தம்.